முயற்சி போதவில்லை

விஜயராணி என்ன படிக்கிறாள் என்பதை அருள்புரத்து லைன் வீட்டுக்காரர்களுக்குப் புரிய வைப்பதற்குள் அவளுடைய மூன்று வருடப் படிப்பே முடிந்துவிட்டது. நர்ஸா என்றால் இல்லை. லேப்பா என்றால் இல்லை. எக்ஸ்ரே எடுப்பதா என்றால் அதுவும் இல்லை. மூச்சு முட்டி வருகிறவர்களுக்கு ஆக்ஸிஜன் வைப்பது, வெண்டிலேட்டரைக் கவனிப்பது, சளியை உறிஞ்சி எடுப்பது, நுரையீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து பார்ப்பது, இதற்கெல்லாம் தனியாக ஒரு பட்டப்படிப்பு உண்டு என்றால் யார் நம்புவார்கள்? அவளுடைய அப்பா சகாயராஜ் கடைசியில் சுருக்கமாக ஒரு பதில் வைத்துக்கொண்டார். "மூச்சுக்குப் படிக்குது." "மூச்சு விடுறதுக்குமா காலேஜு?" என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். மறுநாள் வேறொருவரிடம் அதையே இன்னும் சத்தமாகச் சொல்வார்.

சகாயராஜ் சாயல்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். இருபது வருடத்துக்கு மேலாக அருள்புரத்தில் ஒரே பனியன் கம்பெனியில் டெய்லர். பகல் முழுக்கப் பவர் டேபிள் தையல் மெஷின்களின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவருக்கு மெதுவாகப் பேசினால் காதில் ஏறாது. அதனால் அந்த வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். உப்பைக் கேட்டாலே தெருவுக்குக் கேட்கும். இந்தக் குரல்தான் பிற்பாடு விஜயராணிக்குத் தொழிலில் கைகொடுத்தது. அதே குரல்தான் அவள் மானத்தையும் வாங்கியது.

இதையெல்லாம் என்னிடம் சொன்னவள் அவளேதான். கொஞ்சம் அவளைக் காப்பாற்றி எழுதலாம் என்று எனக்கும் ஆசை இருந்தது. அவள் விடவில்லை.

நான்காவது வருடம் திருப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பயிற்சி. ஆரம்பத்தில் திணறினாள். மணிக்கட்டில் நாடி பார்த்து ரத்தம் எடுக்கப் போனால் இரண்டு மூன்று தடவை குத்த வேண்டியிருந்தது. முதல் முறை சளி உறிஞ்சிய அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஆனால் நுரையீரல் பரிசோதனை அறைக்கு அவளை அனுப்பிய முதல் வாரமே பெயர் வாங்கிவிட்டாள். அந்தச் சோதனை பார்க்க எளிதாக இருக்கும். மூக்கில் கிளிப் போட்டு, வாயில் ஓர் அட்டைக் குழாயைக் கொடுத்து, மூச்சை நிறைய இழுத்து ஒரே வேகமாக ஊதச் சொல்ல வேண்டும். ஊதுகிறவர் பாதியில் நிறுத்திவிடுவார். அப்போது பக்கத்தில் நிற்பவர் "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று கத்தி, உள்ளே இருக்கிற கடைசிக் காற்றையும் வெளியே வரவழைக்க வேண்டும். விஜயராணி கத்தினால் வராண்டாவில் உட்கார்ந்திருப்பவர்களும் சேர்ந்து ஊதுவார்கள். கூடப் பயிற்சிக்கு வந்தவர்கள் அவளுக்கு 'ஹாரன்' என்று பேர் வைத்தார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

அந்தச் சோதனையில் ஒரு விஷயம் முக்கியம். குறைந்தது மூன்று முறை ஊத வேண்டும். ஒவ்வொரு முறையும் திரையில் ஒரு கோடு வரும். சோம்பலாகவோ தெரியாமலோ ஊதுகிறவருக்கு மூன்று கோடும் மூன்று திசையில் போகும். மனதார முழு மூச்சையும் ஊதினால்தான் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று படியும். அப்படிப் படிந்த பிறகும் அளவு குறைவாக இருந்தால், குறை ஊதியவரிடம் இல்லை, நுரையீரலில் இருக்கிறது. வகுப்பில் இதை மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னவளே விஜயராணிதான்.

பயிற்சியின் மூன்றாவது மாதம், ஆஸ்பத்திரி சார்பில் ஒரு கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டார்கள். அவளுடைய அப்பா வேலை பார்க்கும் அதே கம்பெனி. கேன்டீன் ஹாலில் மூன்று மேஜை. பொறுப்பாக வந்தவர் சுபஸ்ரீ, ஆஸ்பத்திரியின் மூத்த தெரபிஸ்ட், உடுமலைப்பேட்டைக்காரர். அவர் முதல் மேஜையில் இருந்தார். மூன்றாவது மேஜை விஜயராணிக்கு. ரிப்போர்ட்டுகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் நெஞ்சக மருத்துவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

சோதனை தொடங்கும் முன்பு கம்பெனியின் எச்.ஆர். தங்கதுரை மேஜை மேஜையாக வந்தார். "ஏனுங்க சிஸ்டர், வர்ற வாரம் ஆடிட்டுங்க. இந்த ஃபைலை அவங்க கேப்பாங்க. கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் டீ சொல்லப் போய்விட்டார். அவர் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் புரிந்துகொண்டது விஜயராணி.

ஆடிட் என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளிநாட்டுக்காரன் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று ஆள் அனுப்பிப் பார்ப்பான். அவர்கள் தொழிலாளிகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு தாள் கொடுத்துவிடுவார்கள். ஏழாவது படிக்கும்போது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் கேள்வி கேட்பவள் அவள்தான். "ஓவர்டைம் எத்தனை மணி?" என்பாள். தாளில் இருக்கும் பதிலை அவர் சொல்வார். "மாஸ்க் தினமும் குடுக்காங்களா?" "குடுக்காங்க மேடம்." தப்பாகச் சொன்னால் அவள் தலையில் குட்டுவது போலப் பாவனை செய்வாள். வீடே சிரிக்கும். வெளியிலிருந்து வருகிறவரின் காகிதத்தில் அவருக்குப் பிடித்ததை எழுதி அனுப்பிவிட வேண்டும், பிறகு நம் பிழைப்பைப் பார்க்க வேண்டும் என்பது அவளுக்குச் சோறு சாப்பிடுவதைப் போலப் பழகிப்போன விஷயம். அதைப் பொய் என்று அந்த வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

மத்தியானம் ஒரு மணிக்கு மேல் வேஸ்ட் குடோன் ஆட்கள் வந்தார்கள். துணி வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்து மூட்டை கட்டுவது அவர்கள் வேலை. எல்லோர் தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. விஜயராணியின் மேஜைக்கு வந்தவர் ராக்கம்மாள். ஐம்பது வயதிருக்கும். உட்காரும் முன்பே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நம்ம சகாயராஜு மகதானே தாயி? நான் முதுகுளத்தூருப் பக்கந்தான். சின்னப்புள்ளையில உன்னைத் தூக்கிச் சுமந்திருக்கேன், தெரியுமா?"

பக்கத்தில் கூடப் பயிற்சி செய்யும் இருவர் வெள்ளைக் கோட்டோடு நின்றார்கள். அவர்களிடம் அப்பா கம்பெனியில் 'புரொடக்ஷனில் இருக்கிறார்' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். இப்போது பஞ்சு ஒட்டிய கை ஒன்று அவளுடைய கோட்டைத் தடவிக்கொண்டிருந்தது. கையை உருவிக்கொண்டு, "உக்காருங்க" என்றாள். அந்தக் கையை உருவியதைச் சொல்லும்போது என்னிடம் இரண்டு முறை நிறுத்தினாள்.

ராக்கம்மாள் ஊதினார். பாதியிலேயே இருமல் வந்தது. மறுபடி ஊதினார். கோடு வந்தது, ஆனால் பள்ளமாக, குட்டையாக. இன்னொரு முறை ஊதினார். அதே கோட்டின் மேல் அப்படியே படிந்தது. "அடுப்பு ஊதுன வாயி தாயி, இது மட்டும் வர மாட்டேங்குதே" என்று அவரே சொல்ல, வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கூட நின்ற இருவரும் சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று விஜயராணிக்குத் தோன்றியது. ஹாரன் குரலை எடுத்தாள்.

"சிரிக்காம ஊதுங்கம்மா! இத்தனை பேரு ஊதுறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன? மூணு வேளை சோறு திங்கத் தெரியுதுல்ல, ஊதத் தெரியாதா?"

ஹால் முழுக்கக் கேட்டது. பெரிய சிரிப்பு எழுந்தது. ராக்கம்மாள் முகம் சுருங்கிவிட்டது. "கோவிக்காத தாயி, இந்தா ஊதுறேன்" என்று சொல்லிக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். மூன்றாவது கோடும் முதல் இரண்டின் மேல் படிந்தது. இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. திரையில் எண் சிவப்பாக நின்றது.

இரண்டு கோடுகள் ஒன்றாக விழுந்ததைப் பார்த்த பிறகுதான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். இதையும் நான் எழுதியே ஆக வேண்டும் என்றாள்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மருந்தை உறிஞ்சக் கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொல்லி, சுபஸ்ரீயிடம் காட்ட வேண்டும். வரிசையில் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். சாப்பாடு வந்து ஆறிக்கொண்டிருந்தது. தங்கதுரை திரையை எட்டிப் பார்த்தார். "ஐயோ, சிகப்பா வருதுங்களே. இது ஃபைல்ல போனா அந்தம்மாவை வேலைக்கு வெக்க வேண்டாம்னு சொல்லிருவாங்களுங்க. பாவமுங்க."

பாவம் என்ற சொல் வந்ததும் விஜயராணி அதைப் பிடித்துக்கொண்டாள். பாவம் பார்த்துத்தான் எழுதுகிறோம் என்று ஆகிவிட்டது. குறிப்புக் கட்டத்தில் தட்டினாள்: முயற்சி போதவில்லை, மறுபடி செய்ய வேண்டும். இந்த வரி இருந்தால் மருத்துவர் எண்ணைப் பார்க்க மாட்டார். மறுபடி யாரும் செய்யவும் மாட்டார்கள். சாயங்காலம் சுபஸ்ரீ, "மூணாவது டேபிள்ல எல்லாம் சரியா கண்ணு?" என்று கேட்டதற்கு, "சரி மேடம்" என்றாள்.

வீட்டுக்குப் போனபோது சகாயராஜ் வாசலிலேயே நின்றார். "நீ போட்ட சத்தத்துல கேன்டீனே நடுங்கிப்போச்சாமே!" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அன்றைக்கு அவளுக்கு வெட்கம் வரவே இல்லை. நன்றாகத் தூங்கினாள். இப்போது எல்லாவற்றையும்விட அதை நினைத்தால்தான் கூசுகிறது என்கிறாள்.

எட்டு மாதம் கழித்து, பயிற்சி முடிய ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு காலை பத்து மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். கட்டிலில் ஒரு பெண் குனிந்து, இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். உதடு நீலமாக இருந்தது. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தருகிற மெஷினைப் பொருத்த வேண்டும். விஜயராணி பட்டைகளை இழுத்துக் கட்டிக்கொண்டே, "பயப்படாதீங்கம்மா, மெஷினோட சேர்ந்து மூச்சு விடுங்க" என்றாள். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்த பிறகுதான் யார் என்று தெரிந்தது. அந்தக் கண்களும் அவளை அடையாளம் கண்டுகொண்டன. ராக்கம்மாள் அந்த நிலையிலும் சிரிக்கப் பார்த்தார்.

கூட வந்தவர் சென்னம்மாள், அதே குடோனில் வேலை செய்பவர், முகாம் அன்றைக்கு வேலைக்கு வராதவர். மெஷின் ஓடி, மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டதும், எப்போதிருந்து இப்படி என்று அவரிடம் விசாரித்தாள். சென்னம்மாளுக்குக் கோபம்.

"ஒரு வருசமா இழுப்புத்தானுங்க. ஆசுபத்திரிக்குப் போலாம் வாக்கான்னா வராதுங்க. கம்பெனியில டெஸ்ட்டு வெச்சாங்களாமா, அதுல இதுக்கு ஊதத் தெரியலைன்னு எழுதிக் குடுத்துட்டாங்களாமா. 'எனக்குச் சீக்கு ஒண்ணுமில்ல, ஊதத்தான் தெரியல'ங்கும். மறுபடி டெஸ்ட்டு வெப்பாங்க, அப்ப நல்லா ஊதோணும்னு பாக்கெட் பாக்கெட்டா பலூன் வாங்கி வெச்சு ஊதிட்டே இருக்குமுங்க. ஊதி ஊதி மயங்கி உளுந்ததுகூட உண்டுங்க. இந்தாங்க, அந்தப் பேப்பர்."

பிளாஸ்டிக் கவரில் நான்காக மடித்த ரிப்போர்ட். கீழே, சோதனை செய்தவர் என்ற இடத்தில், விஜயராணியின் முதலெழுத்துகள். விஜயராணி அதை வாங்கிப் படிப்பது போலப் பாவனை செய்தாள். தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அன்றும் மறுநாளும் அவள் வாயைத் திறக்கவில்லை. என்னென்னவோ கணக்குப் போட்டாள். இப்போதுதான் வைத்தியம் நடக்கிறதே, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது? மருத்துவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார், தன்னை யார் கேட்கப்போகிறார்கள்? இன்னும் ஒரு மாதம் போனால் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். ஆனால் சொல்லாவிட்டால் ராக்கம்மாள் குணமாகி, தனக்கு ஊதத் தெரியவில்லை என்று நம்பிக்கொண்டே அதே குடோனுக்குத் திரும்பிப் போவார். அந்தத் தாள் இருக்கும் வரை கம்பெனியும் அதையே சொல்லும். ஒவ்வொரு முறை கட்டிலருகே போகும்போதும் ராக்கம்மாள் முகமூடியோடு கையை உயர்த்தி, நல்லாயிருக்கேன் என்று சைகை காட்டினார். நல்ல நோயாளி என்று அவளிடம் பேர் வாங்கப் பார்க்கிறார் என்று புரிந்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை சுபஸ்ரீயிடம் போய்ச் சொன்னாள். சுபஸ்ரீ உடனே முகாமுக்கு எடுத்துப்போன மெஷினில் பழைய பதிவைத் தேடி எடுத்தார். மூன்று கோடுகளும் அப்படியே இருந்தன.

"ஏனுங்க விஜயராணி, மூணும் ஒண்ணு மேல ஒண்ணாத்தானே இருக்குது. அன்னைக்குத் தெரியலீங்களா?"

இதுவரை கண்ணு, வா, போ என்று பேசியவர். அந்த மரியாதை அடித்ததைப் போல இருந்தது.

"தெரிஞ்சுது மேடம்."

"சரிங்க. டாக்டர்கிட்ட நான் சொல்றேனுங்க. அந்தம்மாகிட்ட யார் சொல்றதுங்க?"

"நான் சொல்றேன் மேடம்."

மருத்துவர் அவளுடைய பயிற்சியை மூன்று மாதம் நீட்டினார். அந்த மேஜையில் அவள் பார்த்த எல்லோருடைய ரிப்போர்ட்டையும் மறுபடி எடுத்துப் பார்க்கச் சொன்னார். கம்பெனிக்குக் கடிதம் போனது. வீட்டில் விஷயம் தெரிந்ததும் சகாயராஜ் கத்தவில்லை. அந்த வீட்டில் முதல்முறையாக மெதுவான குரலில், "ராக்கம்மாளக்கா மூஞ்சில நான் எப்படிம்மா முழிப்பேன்?" என்று கேட்டார். ஆனால் அது அன்று சாயங்காலம் நடந்தது. அதற்கு முன்பு மத்தியானமே அவள் ராக்கம்மாளிடம் போய்விட்டாள்.

முகமூடியை எடுத்துவிட்டு மூக்கில் மெல்லிய ஆக்ஸிஜன் குழாய் மட்டும் வைத்திருந்தார்கள். ராக்கம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சென்னம்மாள் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். விஜயராணியைப் பார்த்ததும் ராக்கம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்ப ஒருக்கா ஊதிக் காட்டட்டா தாயி? நல்லாப் பழகியிருக்கேன்."

"வேண்டாம்மா" என்றாள். கட்டிலருகே உட்கார்ந்தாள். "அம்மா, அன்னைக்கு நீங்க சரியாத்தான் ஊதுனீங்க."

ராக்கம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. "எது?" என்றார்.

"கம்பெனியில. மூணு தடவையும் சரியா ஊதுனீங்க. ஒரு குறையும் இல்ல."

அந்த முகம் மலர்ந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. "ஏ சென்னம்மா, கேட்டியா? நான் சரியாத்தான் ஊதியிருக்கேனாம்! நான்தான் சொன்னேன்ல, மூச்சு பூராத்தையும் போட்டு ஊதுனேன்னு?" பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடமும் திரும்பி, "எனக்கு ஊதத் தெரியும், இந்தப் புள்ளையே சொல்லுது" என்றார். சென்னம்மாளும் சிரித்தார். எட்டு மாதமாக ராக்கம்மாள் நெஞ்சில் வைத்திருந்த ஒரு பெரிய அவமானம் இறங்கிவிட்டது போலிருந்தது. இத்தோடு எழுந்து போய்விடலாம் என்று ஒரு நொடி விஜயராணிக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதையும் அவள் மறைக்கவில்லை.

"இன்னும் இருக்குதும்மா. உங்க நெஞ்சுலதான் கோளாறு இருந்துச்சு. அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் உங்க மேல பழியைப் போட்டு எழுதிட்டேன். அன்னைக்கே மருந்து ஆரம்பிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. தப்பு என்னோடதும்மா."

சென்னம்மாள் ஆரஞ்சை உரிப்பதை நிறுத்திவிட்டார். ராக்கம்மாள் திட்டுவார் என்று விஜயராணி காத்திருந்தாள். அழுவார் என்றும், இல்லாவிட்டால் பரவாயில்லை தாயி என்று சொல்லிவிடுவார் என்றும் நினைத்தாள். எதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். ராக்கம்மாள் கோபமே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல மெதுவாகக் கேட்டார்.

"நான் சரியா ஊதுனது உனக்குத் தெரியும். பெறகு ஏன் தாயி, அத்தனை பேரு முன்னாடி என்னை அப்படிப் பேசுன?"